கூட்டம் எழுந்தால் சத்தத்தைக் கூட்டு

திருச்சிராப்பள்ளியில் முதன்முதலாக வாடகைக்கு மைக்கு செட்டு வைத்திருந்தவர் முகம்மது கனி ராவுத்தர் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது தவறு. அவருக்கு முன்பே கன்டோன்மென்ட் பக்கம் ஒருவர் வைத்திருந்தார். கனி இரண்டாமவர். இதை அவரிடமே நான் எடுத்துச் சொன்னேன். "அதானே!" என்றார். யார் எதைச் சொன்னாலும் அவர் "அதானே!" என்றுதான் சொல்வார். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் எங்கள் பள்ளிவாசல் ஜமாத்தில் கணக்கும் கல்யாணப் பதிவும் எழுதுகிறவன். ஆகவே கீழே எழுதியிருப்பவற்றில் கனி பேசியதையெல்லாம் சுவர் வழியாகவும் நேரிலும் நானே கேட்டேன். அவர் மனைவியும் மகளும் வீட்டுக்குள் பேசியவை, என் மனைவியிடம் அவர்கள் சொல்லி எனக்கு வந்தவை. தெருவில் நடந்தது தெருவுக்கே தெரியும். தெரு அதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும். நான் கழித்து எழுதுகிறேன்.

முதலில் கனி செய்துவந்தது கல்யாணங்களுக்கு காஸ் விளக்கு வாடகைக்கு விடும் தொழில். பிறகு பிளேட்டுப் பெட்டி, அதாவது கிராமபோன். பாட்டுப் பெட்டி வந்த வீட்டில் சமையற்காரர்கள் கரண்டியை வைத்துவிட்டு வந்து நிற்பார்கள் என்று பெருமையாகச் சொல்வார். சோறு குழைந்துபோனதைச் சொல்ல மாட்டார். 1936-இல் சென்னைக்குப் போனவர், ஒரு மரப்பெட்டி, இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், ஒரு மைக்கு, இரண்டு பாட்டரி ஆகியவற்றோடு ரயிலிலிருந்து இறங்கினார். மூன்று குழாய் என்று சிலர் சொல்வார்கள். இரண்டுதான்.

அவர் மனைவி சாரா பீவியின் இரட்டைவடச் சங்கிலிதான் அந்தப் பெட்டியாக மாறி வீடு வந்து சேர்ந்தது. "உங்களக் கேக்காமயா கழட்டுனாரு?" என்று என் மனைவி கேட்டதற்கு சாரா பீவி சொன்ன பதில் இது:

"கேட்டாரு அக்கா. கேக்காம செய்யிற மனுஷன் இல்ல. நான் பதில் சொல்றதுக்குள்ள கழட்டிட்டாரு, அவ்வளவுதான்."

செட்டு வந்த பிறகு கனி பெரிய மனிதராகிவிட்டார். கூட்டமா, கல்யாணமா, மீலாது விழாவா, கோயில் உற்சவமா, எல்லாவற்றுக்கும் அவர் பெட்டி போயிற்று. அதைக் காப்பாற்ற அவர் மூன்று சட்டங்கள் வைத்திருந்தார். பெட்டியை வேறு யாரும் தொடக் கூடாது. தொட்டால் ஷாக் அடித்து ஆள் சுருண்டுவிடுவான். இது பொய். ஆனால் ஊர் நம்பியது. நடுவில் பெட்டியை அணைக்கக் கூடாது; உள்ளே இருக்கும் கண்ணாடி வால்வு போய்விடும். இது பாதி உண்மை. மூன்றாவது சட்டம்தான் தொழிலின் ரகசியம் என்று அவர் நினைத்தது. பின்வரிசைக்காரனுக்குக் காது கேட்கவில்லை என்றால் அவன் எழுந்து நிற்பான். ஆகவே கூட்டம் எழுந்தால் சத்தத்தைக் கூட்டு. கூட்டம் உட்கார்ந்தால் விட்டுவிடு.

ஏன் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் வைக்க வேண்டும், காதால் கேட்டு வைக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். கேட்க முடியாது. செட்டைக் கட்டி முடித்ததும் கனி தன் தலையைக் குழாயின் வாய்க்குள் விட்டுத்தான் சோதிப்பார். கணீரென்று இருக்க வேண்டுமாம். இரண்டு மூன்று வருஷத்தில் காது தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காலத்து ஜனங்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று குறைப்பட்டுக்கொள்வார். யாராவது பேசினால் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உதடு நின்றதும் "அதானே!" என்பார். பேசியவர் திருப்தியோடு போவார். தன் பேச்சுக்கு அவ்வளவு உடனே சம்மதம் கிடைப்பது எல்லோருக்கும் பிடித்தமான விஷயம்.

மூன்றாவது சட்டத்தின் ஓட்டை ஸ்ரீரங்கத்தில் தெரிந்தது. 1939-இல் சித்திரை வீதியில் ஓர் உபந்யாசத்துக்கு அவர் செட்டு போட்டிருந்தார். துணைக்கு வாருங்கள் என்று என்னையும் இழுத்துப் போயிருந்தார். உபந்யாசகர் நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில் வீதி முனையில் பெருமாள் புறப்பாடு திரும்பியது. கூட்டம் முழுவதும் எழுந்து கைகூப்பியது. உபந்யாசகரும் நிறுத்திவிட்டுக் கைகூப்பினார். கனி கூட்டத்தைப் பார்த்தார். பெட்டியின் சத்தத் திருகில் கை வைத்தார். திருகைக் கூட்டினார்.

நாயனத்தையும் மேளத்தையும் அமுக்கிக்கொண்டு குழாயிலிருந்து உபந்யாசகரின் குரல் வந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அவர் மெல்லக் கேட்டது: "ஓய், பொடி வச்சிருக்கீரா? மூக்கு அடைச்சுண்டு பிராணன் போறது."

"கனி! பெருமாள் எழுந்தருளறார், நிறுத்தும் ஓய்!" என்று ஒரு பெரியவர் ஓடிவந்தார்.

கனி அவர் உதடு நிற்கும்வரை பார்த்தார். "அதானே!" என்று இன்னும் கொஞ்சம் கூட்டினார். உபந்யாசகர் பொடியை உறிஞ்சி, இரண்டு தும்மல் போட்டார். அது ராஜகோபுரம்வரை கேட்டிருக்கும். கோபுரம் மொட்டையாக இருப்பதால் தும்மல் தடையில்லாமல் போயிற்று என்று அந்தப் பெரியவரே பிறகு சிரித்துக்கொண்டு சொன்னார். அவர்கள் மறுவருஷமும் கனியைத்தான் கூப்பிட்டார்கள். கனி அதைத் தன் மூன்றாவது சட்டத்துக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக்கொண்டார்.

இனி அவர் மகள் விஷயம்.

ரோஷன் பேகம் ஒரே பிள்ளை. 1925-இல் பிறந்தவள். செட்டு வந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. பிள்ளை வளர்ப்பு பற்றிக் கனிக்கு ஒரு கொள்கை இருந்தது: பிள்ளைக்குப் பேசக் கற்றுக்கொடுக்க வேண்டும். கேட்பது யார் என்பது அந்தக் கொள்கையில் இல்லை. செட்டைச் சோதிக்க ஓர் ஆள் வேண்டுமே. அவர் தெருவில் குழாய்க்குள் தலையை விட்டு நிற்பார், ரோஷன் வீட்டுக்குள் மைக்கைப் பிடித்துப் பேசுவாள். அவர் கற்றுக்கொடுத்தது எனக்கும் மனப்பாடம்.

"ஒரு சாண் தள்ளிப் பிடி! மூச்ச மைக்குல விடாத! பதறாம, ஒரே மாதிரியா, நிறுத்தி நிறுத்திச் சொல்லு! கடைசி எழுத்த முழுங்காத!"

அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்கு முக்கியமில்லை. சத்தம்தான் முக்கியம். ஆகவே அவளும் மனதில் பட்டதையெல்லாம் சொன்னாள். "எங்க அத்தா எனக்குச் செருப்பு வாங்கித் தரேன்னு சொல்லிட்டு வாங்கித் தரல" என்று ஒரு நாள் தெருவே கேட்டது. கனி குழாயிலிருந்து தலையை எடுத்து, "கணீர்னு இருக்கு, கணீர்னு இருக்கு" என்றார். செருப்பைக் கடைசியில் என் மனைவி வாங்கிக் கொடுத்தாள்.

பதின்மூன்றாம் வயதில் ரோஷனுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, மைக்கும் நின்றது. இனி பெண் குரல் தெருவுக்குக் கேட்கலாகாது. பள்ளிக்கூடம் நின்றதற்கு ரோஷன் அழுதாள். மைக்கு நின்றதற்குக் கனி அழாத குறை. அவ்வளவு சுத்தமாகச் சோதித்துக் கொடுக்க அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

யுத்தம் வந்தது. பெட்ரோல் இல்லை, நல்ல பாட்டரி இல்லை, இருக்கிற பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றித்தருகிறவர்களிடம் கூட்டம் தாங்கவில்லை. மண்ணச்சநல்லூரில் ஒரு கல்யாணத்தில் வாழ்த்துரை நடுவில் கனியின் செட்டு முனகி நின்றுவிட்டது. பேசிக்கொண்டிருந்தவர் பல வருஷங்களுக்குப் பிறகு தன் சொந்தத் தொண்டையால் பேச வேண்டியதாயிற்று. கனிக்கு அன்று இரவு தூக்கம் இல்லை.

இந்த நிலையில்தான் துறையூர் பரக்கத் அலியின் சம்பந்தம் வந்தது. பரக்கத் அலிக்கு ஒரு பஸ், ஒரு பாட்டரிக் கடை, ஒரு பெரிய டைனமோ. மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ரோஷனைவிட ஒரு வயது மூத்த மகன் இருந்தான். அவருக்கு நாற்பத்து மூன்று வயது. ஐம்பது என்று தெருவில் சொன்னார்கள். நாற்பத்து மூன்றுதான், ஆனால் நாற்பத்து மூன்று என்பது பதினாறு வயதுப் பெண்ணுக்குப் போதுமான அளவு அதிகம்.

அன்று சுவருக்கு அப்பால் கனி கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"டைனமோடி! ஒரே நேரத்துல எட்டு பாட்டரி ஏத்தலாம்!"

"அவருக்கு உங்க வயசுங்க" என்றார் சாரா பீவி.

"எட்டு! திருச்சியில எவன்கிட்ட இருக்கு எட்டு ஏத்துற டைனமோ?"

"அந்த ஆளுக்கு மீசை மொளச்ச மகன் இருக்கான். நம்ம புள்ள அவனுக்கு அம்மாவா?"

"அதானே!" என்றார் கனி. உதடு நின்றுவிட்டது அல்லவா?

ரோஷன் சும்மா இருந்துவிடவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தபோது எதிரில் வந்து நின்று, "அத்தா, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றாள். "அதானே!" என்று அவர் இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார். மறுநாளும் சொன்னாள். மறுநாளும் அதே பதில். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்திப் பார்த்தாள். "ஏன்டி காதுல வந்து ஊதுற? எனக்கு என்ன காது செவிடா?" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போனார். செவிடு இல்லை என்று நிரூபிப்பதற்காக அன்று முழுவதும் யார் பேச்சையும் கேட்க மறுத்தார்.

தாய்மாமன் காஜா மைதீனிடம் சாரா பீவி அழுதார். "மச்சான்கிட்ட நான் பேசுறேன்" என்று வந்த காஜா மைதீனுக்குக் கனி டைனமோவின் படம் வரைந்து காட்டினார். திரும்பிப் போகும்போது காஜா மைதீனுக்கு டைனமோ பற்றி நிறையத் தெரிந்திருந்தது. வந்த வேலை நினைவில்லை. ஆகக் கடைசியில் துறையூரில் இருந்த பரக்கத் அலிக்குப் போன செய்தி: பெண்ணுக்கு முழுச் சம்மதம்.

எங்கள் கல்யாணங்களில் பெண்ணிடம் சம்மதம் கேட்டு வருவது வழக்கம் மட்டுமல்ல, அது இல்லாமல் நிக்காஹ் செல்லாது. பெண்ணின் சார்பில் ஒருவர் வக்கீலாகவும், இரண்டு பேர் சாட்சியாகவும் உள்ளே போய்க் கேட்டுவர வேண்டும். சட்டம் அப்படி. நடப்பது வேறு. மூன்று பேரும் உள் வாசற்படியோடு நின்றுவிடுவார்கள். உள்ளே பெண் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். யாராவது ஒரு மாமி, "சம்மதங்குறா, சம்மதங்குறா, போங்க" என்பாள். மூன்று பேரும் வந்து நிக்காஹ் ஓதும் அசரத்திடம் சொல்வார்கள். அசரத் என்னிடம் சொல்வார். நான் எழுதுவேன். மாமிமார்கள் சொன்ன சம்மதத்தில்தான் எங்கள் மகல்லாவில் பாதிக் குடும்பங்கள் நடந்துகொண்டிருந்தன.

கனிக்கு இந்த வழக்கத்தில் ஒரு குறை தெரிந்தது. சத்தம் போதவில்லை. துறையூரிலிருந்து இரண்டு பஸ் நிறைய மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கனியின் செட்டு என்ன செய்யும் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? "புள்ள சம்மதம்னு சொல்றது மைக்குல வரணும். பந்தல்ல இருக்குற அத்தன பேரும் கேக்கணும்" என்றார்.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி பதறினார். "பொம்பளப் புள்ள கொரல தெருவுக்குக் கொண்டாறீங்களா ராவுத்தரே? பதிமூணு வயசுல நீங்கதானே மைக்கப் புடுங்குனீங்க?"

"அதானே!" என்றார் கனி.

முத்தவல்லி அசரத்தைப் பார்த்தார். அசரத் வயதானவர், குறைவாகப் பேசுகிறவர். "சாட்சிக்குக் கேக்கணும்கிறதுதான் சட்டம். இன்னிக்கு வரைக்கும் சாட்சிக்கு என்ன கேட்டுச்சுன்னு எனக்குச் சந்தேகம்தான்" என்றார். அவ்வளவுதான். கனி கம்பியை இழுத்து உள்ளறைக்கு மைக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

உள்ளே போன மைக்கை ரோஷன் பார்த்தாள். மூன்று வருஷமாகத் தொடாத சாமான். என் மனைவி அப்போது பக்கத்தில் இருந்தாள். "அழுதுக்கிட்டு இருந்த புள்ள, மைக்கப் பாத்ததும் மூக்கச் சிந்திட்டு நேரா உக்காந்துச்சு" என்றாள்.

1941-ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பந்தல் நிறைந்திருந்தது. பின்கட்டில் நெய்ச்சோறு தம்மில் இருந்தது. பரக்கத் அலி முகம் தெரியாத அளவுக்குப் பூச்சரம் கட்டிக்கொண்டு அசரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அசரத்துக்குப் பக்கத்தில் நான், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு. பந்தல் வாசலில் கனி, பெட்டியின் திருகில் கை வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார். குழாய்கள் இரண்டும் அவர் தலைக்கு மேல் தெருவைப் பார்த்து இருந்தன.

வக்கீலாகக் காஜா மைதீனும் சாட்சிகள் இருவரும் உள்ளே போனார்கள். குழாயில் காலடிச் சத்தம் வந்தது. கூட்டம் "ஆகா" என்றது. வளையல் சத்தம் வந்தது. பிறகு காஜா மைதீனின் தொண்டைச் செருமல்.

"துறையூர் பரக்கத் அலிய, பேசுன மஹருக்கு, உனக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறதுல சம்மதமாம்மா?"

அப்புறம் ஒரு மாமியின் குரல், வழக்கம்போல, அவசரமாக:

"சம்மதங்குறா, சம்மதங்குறா, போங்க!"

பந்தலில் சிலர் அல்ஹம்துலில்லாஹ் என்று ஆரம்பித்தார்கள். அதற்குள் குழாயில் இன்னொரு குரல் வந்தது. மெதுவாக, பதறாமல், ஒரு சாண் தள்ளிப் பிடித்து.

"நான் எங்க சொன்னேன் மாமி? நீங்கதானே சொன்னீங்க?"

பந்தலில் சிரிப்பு வெடித்தது. தெருவில் போனவர்கள் நின்றார்கள். கனி சிரிப்பைப் பார்த்தார். கல்யாணக் களை என்று நினைத்துத் தானும் சிரித்தார்.

காஜா மைதீன் மறுபடியும் செருமினார். "சரிம்மா... நீயே சொல்லு. சம்மதமா?"

"இல்ல."

பந்தலில் இருந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து நின்றார்கள்.

கனி பார்த்தார். கூட்டம் எழுந்துவிட்டது. திருகைக் கூட்டினார்.

"ரோஷன், யோசிச்சுச் சொல்லும்மா, வெளியே எல்லாரும் இருக்காங்க" என்று காஜா மைதீன் கெஞ்சியது இரண்டு மடங்கு சத்தத்தில் வந்தது.

"எனக்குச் சம்மதம் இல்ல மாமா. அந்த மாப்பிள்ள மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அவரு யாருன்னே எனக்குத் தெரியாது. எங்க அத்தாவுக்கு டைனமோ வேணும். எனக்கு வேணாம்."

கடைசி எழுத்தை அவள் முழுங்கவே இல்லை.

முத்தவல்லி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கனியை நோக்கி ஓடினார். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" கனி தூக்கிய கைகளைப் பார்த்தார். பின்வரிசைக்கு இன்னும் எட்டவில்லை போலும். மறுபடியும் கூட்டினார். முத்தவல்லி பெட்டிவரை போய்ப் பெட்டியைத் தொடாமல் நின்றுவிட்டார். ஷாக் பயம். அவருக்குப் பின்னால் ஓடிய நாலு பேரும் அப்படியே நின்றார்கள். ஆறு பேர் சுற்றி நின்று கத்த, நடுவில் கனி புன்னகையோடு, "கணீர்னு இருக்குல்ல? கணீர்னு இருக்குல்ல?" என்றார். கத்தியது ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் தாளிச்சாவில் உப்புப் பார்க்க யாரையாவது தேடி வந்த சமையற்காரர்.

காஜா மைதீன் மூன்றாவது முறையும் கேட்டார், கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது "இல்ல" பெரிய கடைத்தெருவரை கேட்டது. தெப்பக்குளம்வரை கேட்டதாகக் கனி பின்னால் சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய கடைத்தெருதான்.

அப்போதுதான் குழாயில் வேறொரு குரல் வந்தது. எங்கள் தெருவில் யாரும் கேட்டிராத குரல்.

"என்னங்க... உங்களத்தான்."

சாரா பீவி. கனி திரும்பவில்லை.

"ரோஷன் அத்தா!"

திரும்பவில்லை. இடையில் மூச்சு இழுப்பது குழாயில் தெளிவாகக் கேட்டது. பிறகு:

"முகம்மது கனி ராவுத்தரே!"

கட்டிய நாள் முதல் புருஷன் பேரைச் சொல்லாத மனைவி, முழுப் பேரையும் முழுச் சத்தத்தில் சொன்னதில் பந்தல் அடங்கிப்போனது. இரண்டு குழாயும் நேராகத் தலைக்கு மேல் இருந்தன; திருகும் கடைசிவரை போயிருந்தது. கனிக்குக் கேட்டது. தன் பேர்கூடக் கேட்காத காது உலகத்தில் கிடையாது.

"யாரு அது?" என்று அவர் மேலே குழாயைப் பார்த்துக் கேட்டார்.

"நான்தான். உங்க மக இந்தக் கல்யாணம் வேணாங்குறா. இப்ப மூணு தடவ சொல்லிட்டா. இதுக்கு முன்னாடி எத்தன தடவன்னு எனக்குக் கணக்கு இல்ல. நானும் சொல்லிட்டேன். கேக்குதாங்க? அதானேன்னு சொல்லிடாதீங்க."

கனியின் வாய் "அ" என்று திறந்தது. மூடிக்கொண்டது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், கூட்டம் அவரைப் பார்த்தது. எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் கை திருகிலேயே இருந்தது. இந்த முறை கூட்டவில்லை.

"எங்கிட்ட யாருமே ஒரு வார்த்த சொல்லலியே?" என்றார்.

இதைப் போன்ற சிரிப்பை எங்கள் தெரு அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்போது பரக்கத் அலி எழுந்தார். முகத்துப் பூச்சரத்தைக் கழற்றி மடித்து, தட்டில் வைத்தார். அவருடைய முகத்தை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். வெட்கமும் கோபமும் கொஞ்சம் நிம்மதியும் இருந்தன. கனியிடம் வந்து, காதில் கை குவித்துக் கத்தினார்.

"ராவுத்தரே! புள்ளைக்கு முழுச் சம்மதம்னு சொன்னீங்க! இல்லேங்குற புள்ளைய நான் கட்டிக்கிட்டுப் போயி என்ன பண்ணுறது? பாட்டரி ஏத்தணும்னா துறையூருக்குக் கொண்டாங்க, ஏத்தித் தரேன்! எல்லாருக்கும் என்ன கூலியோ அதான் உங்களுக்கும்!"

கனி தலையை ஆட்டினார். கேட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது, "அதானே" வரவில்லை.

"அப்ப சோறு?" என்றார் சமையற்காரர்.

துறையூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். நெய்ச்சோற்றின் மேல் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. நான் பேனாவை மூடினேன்.

கனி ஒரு வாரம் வெளியே வரவில்லை. எட்டாவது நாள் வந்தார், செட்டோடு. வருத்தத்தோடு வருவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். வாடகை பேச வந்த மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவரிடம் என் எதிரிலேயே சொன்னார்: "நம்ம செட்டப் பத்திக் கேக்குறீங்களா? எங்க மக 'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, தெப்பக்குளத்துல குளிச்சுக்கிட்டிருந்தவன் நிமிந்து பாத்தான்!" வந்தவர் உடனே செட்டைப் பேசிவிட்டுப் போனார். ஒரு தகப்பன் தன் தோல்வியை விளம்பரமாக்கி வாடகை வாங்கியதை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

முத்தவல்லி, இனிமேல் பெண் இருக்கும் அறையில் மைக்கு வைக்கக் கூடாது என்று ஜமாத்தில் ஒரு முடிவு கொண்டுவந்தார். அசரத், வைக்க வேண்டாம், ஆனால் சாட்சிகள் இனி வாசற்படியோடு நிற்காமல் உள்ளே போய்ப் பெண்ணின் வாயிலிருந்து காதால் கேட்டுவர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரியால் அடுத்த வருஷம் மூன்று கல்யாணம் நின்றுபோயின என்பார்கள். இரண்டுதான். மூன்றாவது, மாப்பிள்ளை ரங்கூன் அகதிகளோடு வந்த ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டதால் நின்றது. அதை இதில் சேர்க்கக் கூடாது. மாமிமார்கள்தான் கொஞ்ச நாள் வேலையில்லாமல் தவித்தார்கள். தகப்பன்மார்கள் கல்யாணப் பேச்சு எடுத்தவுடன் மகளைக் கூப்பிட்டு, "எதுன்னாலும் இப்பவே சொல்லிடு தாயி, கனி ராவுத்தர் செட்டு போடுற வரைக்கும் வச்சிருக்காத" என்று கேட்கப் பழகினார்கள். பயத்தில் வந்த பழக்கம்தான். வந்துவிட்டது.

நம் ஜனங்களுக்குப் பேசுகிற இயந்திரம் என்றால் உயிர். பிளேட்டுப் பெட்டி வந்தது, மைக்கு வந்தது, இப்போது வீட்டுக்கு வீடு ரேடியோப் பெட்டி வருகிறது. டில்லியில் யார் என்ன பேசினார் என்று மாலையில் ஒவ்வொரு தகப்பனும் காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக்கொண்டு கேட்கிறார். அடுப்படியில் யார் என்ன பேசினார் என்று கேட்டால், "உஸ், செய்தி ஓடுது" என்கிறார். கனி ஒருவரைச் சொல்லி என்ன பயன்? அவருக்காவது காது போயிருந்தது.

ரோஷனுக்கு 1943-இல் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பாலக்கரையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். டைனமோ இல்லை. சைக்கிள்கூட அண்ணனுடையது. இந்தப் பேச்சு வந்தபோது கனி செய்ததை நான் எழுதத்தான் வேண்டும். மகளை எதிரில் உட்காரவைத்து, வலது காதை அவள் பக்கம் திருப்பி, "காதுல சொல்லு. எனக்குக் கேக்குறது கொஞ்சம் கம்மிதான்" என்றார். அவர் அதை ஒப்புக்கொண்டது அந்த ஒரு முறைதான். அவள் காதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று சுவரில் கேட்கவில்லை. கனி கத்தியதுதான் கேட்டது: "சரி! பண்ணிடுவோம்! கல்யாணத்துக்கு மைக்கு வைக்கட்டுமா?" மறுபடியும் காதில் ஏதோ சொன்னாள். "அதானே!" என்றார்.

கனி ராவுத்தர் 1948-இல் காலமானார். கடைசிவரை செட்டு போட்டார், கடைசிவரை கூட்டம் எழுந்தால் சத்தத்தைக் கூட்டினார். சுதந்திர நாள் கூட்டம் ஒன்றில் எல்லோரும் கொடிக்கு எழுந்து நின்றபோதும் கூட்டினார். அதைப் பற்றித் தனியாக எழுதினால்தான் தீரும். ஆனால் வீட்டில் ஒரு மாறுதல் வந்திருந்தது. அதை நான் சுவர் வழியாகப் பல முறை கேட்டேன். அவர் பாட்டரி, வால்வு, வாடகை என்று கத்திக்கொண்டே இருப்பார். சாரா பீவி ஒரு முறை சொல்வார், இரண்டு முறை சொல்வார். மூன்றாவது முறை பேச மாட்டார். எழுந்து போய், மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் மைக்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பார்.

"வேணாம், வேணாம்! வரேன், சொல்லு" என்று கனி வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.